சூடேறாத எஞ்சின்

உடம்பு கொதித்தால் அது காய்ச்சல் என்பதை அறியாதார் இல்லை. நெற்றியிலே கைவைத்த தாய் உடனே கலங்குகிறாள். வைத்தியரைத் தேடி ஆள் ஓடுகிறது. ஆனால், கைகால் சில்லிட்டுப் போவதும் நோயின் குறியே என்பதை அனுபவம் உள்ளவரே உணர்வர். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இவ்விரு நிலைகளும் உண்டு. எஞ்சின் கொதித்து, றேடியேற்றரிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டால் தெருவிற் போவோர் அனைவரும் கூடி ஆலோசனை சொல்லுகின்றனர். அதே எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை ஒருநாளும் அடையாது, குளிர்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்தால் அதனை எவரும் நோயென்று கொள்வதில்லை. வண்டி நிற்கவில்லை, புகை எழவில்லை, வெப்பமானியின் முள் தாழ்ந்து கிடப்பதைக் கண்டு உரிமையாளர் மகிழ்ச்சியும் அடைகிறார்.

இலங்கை போன்ற வெப்பநாட்டிலே இம்மகிழ்ச்சி இயல்பானது. ஆனால் இன்று வடக்கிலும் கிழக்கிலும், கனடாவிலோ இங்கிலாந்திலோ நோர்வேயிலோ சுவிற்சர்லாந்திலோ ஒருவரேனும் வாழாத கிராமத்தைக் காண்பது அரிது. மார்கழி, தை மாதங்களில் அங்கிருந்து வரும் தொலைபேசிப் பேச்சிலே உறைபனியைப் பற்றிய முறைப்பாட்டுக்குக் குறைவில்லை. அந்நாடுகளிற் கார் ஆடம்பரப் பொருளன்று. வேலைக்குச் செல்வதற்கும் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதற்கும் அதுவே கால். அங்கே குளிர்ந்து ஓடும் எஞ்சின் எத்தகைய தொல்லையைத் தரும், அதன் காரணத்தை எவ்வாறு கண்டறியலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்கள் ஒரு நிலைமையை மனத்திற் கொள்க. கனடாவிலே, ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் வாழ்கிறார். இரவு வேலை. மனைவியும் மூன்று வயதுப் பெண்குழந்தையும் உண்டு. அவரிடம் உள்ளது பிறர் ஓட்டிக் கழித்த பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார். சனவரி மாதம், வெளியிலே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை. காலையிலே குழந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறுகிறார். நகரத் தெருக்களிலே விளக்குக்கு விளக்கு நின்று வந்தபோது ஹீற்றரிலிருந்து ஓரளவு வெதுவெதுப்பான காற்று வந்தது. நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் அக்காற்றுக் குளிர்ந்து போகிறது. வெப்பமானியின் முள் மெல்ல மெல்லக் கீழே சாய்கிறது. வண்டிக்குள் இருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் முன் கண்ணாடியின் உட்புறத்திலே படிந்து மூடுகிறது. ஓரங்களில் அது பனியாகவே உறைகிறது. அவர் ஒரு கையாற் சக்கரத்தைப் பிடித்து, மறு கையுறையாற் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்த இடம் உள்ளங்கையளவு. அந்த உள்ளங்கையளவு துவாரத்தினூடாகவே பாரவூர்திகள் இருமருங்கும் விரையும் பாதையை அவர் பார்க்கவேண்டியிருக்கிறது.

பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றிலே காட்டினார். ஹீற்றரின் உட்பெட்டி அடைத்துவிட்டது, முன்பலகை முழுவதையும் கழற்றி அதனை மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு வாரச் சம்பளத்துக்குச் சமம். அதே வீட்டின் கீழ்த்தளத்தில், மகளுடன் வந்து வசிக்கும் எழுபது கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலை ஒன்றிலே பேருந்து எஞ்சின்களோடு முப்பது ஆண்டு உழைத்தவர். இளைஞர் தம் குறையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி.

“தம்பி, கார் நிக்கேக்கை சூடு வருதோ, ஓடேக்கை வருதோ?”

“நிக்கேக்கை கொஞ்சம் வருது மாமா. ஹைவேயிலை ஏறினாப் பச்சைத்தண்ணி மாதிரி.”

“அப்ப காசைக் கொட்டிறதுக்கு முன்னம் நாளைக்குக் காலமை ஒருக்காக் கையை வைச்சுப் பாப்பம்.”

பெரியவரின் கேள்வி எத்துணைப் பொருள் பொதிந்தது என்பதை அறிவதற்கு எஞ்சினுக்குச் சூடு எதற்காக வேண்டும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெற்றோல் எரியும்போது வெளிப்படும் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை இயக்கும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாகவே கழிகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகிறது. ஒரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்க்கலவை ஏந்திச் சென்று றேடியேற்றரிலே காற்றுக்குக் கொடுக்கிறது. ஓடும் காரின் ஹீற்றர் இந்தக் கழிவு வெப்பத்தைக் கொண்டே காற்றைச் சூடாக்குகிறது. ஆகவே ஹீற்றர் குளிர்ந்தால் ஹீற்றரையே குற்றஞ் சொல்வது, வயலுக்கு நீர் வரவில்லையென்று குளத்தைப் பாராமல் வாய்க்காலை மட்டும் வெட்டுவதைப் போன்றது. குளத்திலே நீர் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

இக்காலப் பெற்றோல் எஞ்சின்களிற் பெரும்பாலானவை, அவற்றின் நீர்க்கலவை 85 முதல் 105 செல்சியஸ் பாகை வரையான சூட்டில் இருக்கும்போது செவ்வனே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே ஓடுமாயின் தீமைகள் பல. பெற்றோல் முழுமையாக ஆவியாவதில்லை. அதனை ஈடுசெய்ய வண்டியின் மின்கணினி கூடுதலான பெற்றோலைச் செலுத்துகிறது. குளிர்காலத்தில் எரிபொருட் செலவு கூடுவதற்கு வேறு காரணங்களும் உள. நல்ல நிலையிலுள்ள காருங்கூட, 25 பாகை வெப்பத்தில் ஓடுவதைவிட உறைநிலைக்கு ஏழு பாகை கீழே நகரத்தில் ஓடும்போது, ஒரு கலன் பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 வீதம் குறைந்த தூரமே செல்லும் என்பது அமெரிக்க அரசின் கணிப்பு. சூடேறாத எஞ்சின் அச்செலவை மேலும் கூட்டுகிறது.

இதனினும் பெரியது கண்ணுக்குப் புலப்படாத தேய்வு. ஒரு கலன் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கலன் நீர் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெற்றோலிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்வதால் உண்டாகும் நீர் அது. எஞ்சின் சூடாக இருந்தால் அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்தால், குளிர்ந்த செம்பின்மேல் வியர்ப்பது போல அச்சுவரின்மேல் நீர் படிகிறது. எரிந்த வாயுக்களிலுள்ள அமிலத் தன்மையையும் அது ஈர்த்துக்கொள்கிறது. 1930ஆம் ஆண்டுகளிலே பிரித்தானிய மோட்டார்ப் பொறியியலாளர் சிலிண்டர்த் தேய்வை ஆராய்ந்தபோது, உராய்வைவிடக் குளிர்ந்த ஓட்டத்தால் நேரும் இந்த அரிப்பே பெருங் காரணம் எனக் கண்டனர். அக்காலம்வரை வேகமாக ஓட்டுவதாலேயே எஞ்சின் தேய்கிறது என்று எண்ணியிருந்தனர். மெதுவாக, அடிக்கடி நிறுத்தி, குளிரக் குளிர ஓட்டப்பட்ட வண்டியே விரைவில் தேய்கிறது என்பது அவர்களுக்கே புதுமையாக இருந்தது.

இன்றைய எண்ணெய்களும் எரிபொருள்களும் அன்றையனவற்றிலும் பன்மடங்கு நல்லன. அரிப்பு அக்காலத்தைப் போன்று இல்லை. ஆயினும் அந்நீர் மசகெண்ணெயிற் கலப்பது நின்றுவிடவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியிலே மோரின் ஆடை போன்ற மஞ்சள் வெண்மையான படிவு காணப்படுவது குளிர்ந்து ஓடும் எஞ்சினின் அடையாளங்களுள் ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சிலிண்டர்த் தலையின் அடைப்பு வெடித்து நீர் எண்ணெயிற் புகுந்தாலும் இத்தகைய படிவு உண்டாகும். எண்ணெய்ப் பாத்திரத்திலுள்ள எண்ணெய் முழுவதுமே பால்போல மாறியிருந்தால், அல்லது நீர்க்கலவை காரணமின்றிக் குறைந்துகொண்டே போனால், அது வேறு நோய். அதற்கு உடனே வல்லவரை நாடவேண்டும்.

எஞ்சினைச் சூடாக வைத்திருக்க மனிதர் பட்ட பாடு ஒரு தனிக்கதை. 1908இல் வெளிவந்த போட் நிறுவனத்தின் ‘ரி’ மாதிரிக் காரிலே, தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, நீர்ப்பம்பியும் இல்லை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் இல்லை. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே அதன் நீரோட்டம். குளிர்காலத்தில் அதன் சொந்தக்காரர்கள் றேடியேற்றரின் முன்னே மட்டையையோ கம்பளியையோ கட்டினார்கள். இங்கிலாந்திலே இதற்கெனவே தைத்த தோலுறைகள் விற்கப்பட்டன. விலையுயர்ந்த கார்களில், யன்னற் சட்டங்களைப் போல் திறந்து மூடும் தகடுகள் றேடியேற்றரின் முன்னே அமைந்தன. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே: குளிர்காற்றை வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே விடாதிருத்தல்.

இவ்வேலையை இன்று செய்வது தெர்மோஸ்ரற் என்னும் சிறு கருவி. உள்ளங்கையில் அடங்கும், விலையும் பெரிதன்று. எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்கு நீர் செல்லும் பாதையிலே இது வாயிற்காவலனாக நிற்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். நீர்க்கலவை றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளும் ஹீற்றருக்குள்ளும் மட்டுமே சுற்றிச் சுற்றி விரைவிற் சூடேறும். குறித்த சூட்டை அடைந்ததும் கதவு திறக்கிறது. முற்காலத்திலே, எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த துருத்தி போன்ற அமைப்பு இக்கதவைத் திறந்தது. 1934இல் செர்ஜியஸ் வெர்னே என்பவர் அதற்குப் பதிலாக மெழுகைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். சிறு செப்புக் குப்பியிலே அடைத்த மெழுகு உருகும்போது விரிந்து ஒரு கோலைத் தள்ளுகிறது, கதவு திறக்கிறது. குளிர்ந்தால் மெழுகு சுருங்குகிறது; சுருள்வில் கதவை இழுத்து மூடுகிறது. இன்றும் பெரும்பாலான கார்களில் உள்ளது இம்மெழுகே. கதவு எச்சூட்டில் திறக்கத் தொடங்கும் என்ற எண், 82 என்றோ 88 என்றோ, அக்கருவியின்மேலேயே பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இக்கதவு மூடியபடியே இறுகிவிட்டால் எஞ்சின் கொதிக்கும். திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் குளிரும். பின்னதே ஸ்காபரோக் காரில் நேர்ந்திருக்கலாமெனப் பெரியவர் ஐயுற்றார். கார் நிற்கும்போது றேடியேற்றரிலே காற்று மோதுவது குறைவு. ஆகவே கதவு திறந்திருந்தாலும் எஞ்சின் ஓரளவு சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் உறைகுளிர்க் காற்று றேடியேற்றரை ஊடுருவிப் பாய்கிறது; திறந்த கதவின் வழியே எல்லா வெப்பமும் போய்விடுகிறது. நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்பது அதன் குறி. இதற்கு நேர்மாறான குறியும் உண்டு. எஞ்சினை வேகப்படுத்தினால் ஹீற்றர் சுடுகிறது, வண்டி நின்றாற் குளிர்கிறது என்றால், நீர்க்கலவை குறைந்திருக்கலாம், அல்லது குழாயிலே காற்றுக் குமிழ் சிக்கியிருக்கலாம். பெரியவரின் ஒரே கேள்வி இவ்விரண்டையும் பிரித்துவிட்டது.

எனினும் ஐயம் முடிபாகாது. மறுநாட் காலை இருவரும் காருக்கு முன்னே நின்றார்கள். இரவு முழுதும் ஓடாத எஞ்சின். இச்சோதனைக்கு அதுவே வேண்டியது. கார் திறந்த வெளியில் நின்றது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்து. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருந்தால் அதனையும் விலக்கிவிட வேண்டும்.

பெரியவர் முதலிலே பார்த்தது நீர்க்கலவையின் மட்டம். இது எளிய காரியமாகையாலே பலரும் இதனைத் தாண்டிச் செல்வர். நீர் குறைந்த எஞ்சினிலே, சூட்டை அளக்கும் உணர்கருவி நீரிலே தோயாமற் காற்றிலே நிற்குமாயின் வெப்பமானி குளிர்ச்சி என்று பொய் சொல்லும். எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். இதனிலும் கேடான பொய் வேறில்லை. மூடியைக் குளிர்ந்த எஞ்சினிலே மட்டுமே திறக்கலாம். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. ஸ்காபரோக் காரில் மட்டம் சரியாகவே இருந்தது.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, றேடியேற்றரின் மேற்புறத்துத் தடித்த றப்பர்க் குழாயிலே புறங்கையை வைத்தார். விசிறிக்கு அருகே சட்டைக்கையோ சால்வையோ போகாமற் பார்த்துக்கொண்டார்; மின்விசிறி தானாகவே எந்நேரமும் சுழலத் தொடங்கலாம். செம்மையான தெர்மோஸ்ரற் உள்ள எஞ்சினிலே இக்குழாய் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். எஞ்சின் சூடேறிக் கதவு திறந்தவுடன், வெந்நீர் பாய்வதைக் கையே உணரும்படி அது சட்டென்று சுடும். அந்தத் திடீர் மாற்றமே நல்ல நாடி. மாறாக, எஞ்சின் ஓடத் தொடங்கிய இரண்டொரு நிமிடத்திலேயே குழாயும் இளஞ்சூடாகி, எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறுமாயின் கதவு மூடவில்லை என்பது பொருள். சில கார்களிலே தெர்மோஸ்ரற் கீழ்க்குழாயின் பக்கத்தில் இருக்கும். அவற்றிலே கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கையை வைக்க அஞ்சுவோருக்கு, தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது கடைகளிற் கிடைக்கிறது.

“வை தம்பி கையை. என்ன சொல்லுது?”

“இப்பவே வெதுவெதுப்பா இருக்கு மாமா.”

“முள்ளு?”

“முள்ளு இன்னும் எழும்பவே இல்லை.”

“எஞ்சின் குளிர். றேடியேற்றருக்குச் சூடு போகுது. வீட்டுக் கதவைத் திறந்து வைச்சிட்டு அடுப்பு மூட்டின கதை.”

பெரியவர் அத்தோடும் நிற்கவில்லை. நிலையத்தார் சொன்னதையும் சோதியாமல் தள்ளுவது முறையன்றல்லவா? ஹீற்றருக்குள் நீரைக் கொண்டுபோகும் குழாய் ஒன்று, திரும்பக் கொண்டுவருங் குழாய் ஒன்று. உட்பெட்டி அடைத்திருந்தால் போகுங் குழாய் சுடும். வருங் குழாய் குளிர்ந்திருக்கும். இருபது நிமிடங்கழித்துத் தொட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே இளஞ்சூட்டில் இருந்தன. நீர் தடையின்றி ஓடுகிறது; ஓடும் நீரிலேதான் சூடு இல்லை. இரண்டு வாரச் சம்பளம் அந்தக் கணத்திலே தப்பியது.

வேறு வண்டிகளிலே வேறு குறிகள் தோன்றலாம். முள் கீழே கிடக்கிறது, ஆனால் ஹீற்றர் நன்றாகச் சுடுகிறது என்றால் எஞ்சினிலே குற்றமில்லை. அளக்கும் உணர்கருவியோ கம்பியோ பழுது. முள் நடுவிலே நிற்கிறது, ஹீற்றர் மட்டும் குளிர்கிறது என்றால் அப்போதுதான் உட்பெட்டியையும் காற்றைத் திருப்பும் கதவையும் ஐயுறலாம். விசிறி ஓயாது சுழல்வதும் ஒரு காரணம். மின்விசிறியின் இணைப்பிலே பழுது நேர்ந்தாலும், பாரவூர்திகளிலே விசிறியின் பிடிப்பு இறுகிவிட்டாலும் அவ்வாறாகும். ஆனால் விசிறியால் வருங் குளிர்ச்சி மெதுவான ஓட்டத்திலேயே மிகும்; நெடுஞ்சாலையில் இயற்கைக் காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால் வேறுபாடு தெரியாது. தெர்மோஸ்ரற் செம்மையாக இருந்தால் விசிறி ஓயாது சுழன்றாலும் கதவு மூடிக்கொண்டு பெரும்பாலும் எஞ்சினைக் காத்துவிடும்.

சில புதிய கார்களிலே முள்ளே இல்லை; எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரிந்து, சூடேறியதும் அணையும் நீல விளக்கு ஒன்று மட்டுமே உண்டு. அவ்விளக்கு வழக்கத்திலும் நெடுநேரம் எரிவது ஒரு குறி. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் கார்களிலே பழுதுகளை எண்களாற் பதிவுசெய்யும் பொதுமுறை ஒன்று கட்டாயமாயிற்று. அம்முறையிலே, எஞ்சின் எதிர்பார்த்த நேரத்துக்குள் தெர்மோஸ்ரற்றுக்குரிய சூட்டை அடையாவிட்டால் கணினி ‘பி 0128’ என்ற எண்ணைக் குறித்துவைத்து எச்சரிக்கை விளக்கை ஏற்றும். மலிவான வாசிப்புக் கருவியை இணைத்து எவரும் அதனைப் படிக்கலாம். ஆனால் அவ்வெண் தெர்மோஸ்ரற்றை மாற்று என்று சொல்வதில்லை. எஞ்சின் குளிர்கிறது என்று மட்டுமே சொல்கிறது. நீர் குறைவாலும் உணர்கருவியின் பொய்யாலும் அதே எண் தோன்றும். எண்ணைக் கண்டவுடன் பொருளை மாற்றுவோர், இருமல் என்றவுடன் மருந்துப் போத்தலை நீட்டும் கடைக்காரரைப் போன்றவர்.

நோயில்லாத குளிர்ச்சியும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்துக் கடைக்குச் சென்று திரும்பும் கார், பழுதேதும் இல்லாமலே, குளிர்காலம் முழுவதும் சூட்டைக் காணாதிருக்கலாம். குறை எஞ்சினிலன்று, பயணத்திலே. கிழமைக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டினால் எண்ணெயிற் கலந்த நீர் வெளியேறும். டீசல் எஞ்சின் வெறுமனே நின்று ஓடும்போது மிகக் குறைந்த வெப்பமே தருவதால் கடுங்குளிரில் அது தாமதமாகச் சூடேறுவது இயல்பு. கனடாவின் வின்னிப்பெக் நகரிலே சனவரி இரவுகளின் சராசரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையளவு. அங்கே கார் தரிப்பிடங்களில் மின்னிணைப்புகள் இருப்பதைப் புதிதாகச் சென்றோர் வியந்து பார்ப்பர். எஞ்சினிற் பொருத்திய மின்சூடாக்கியை இரவிலே அதில் இணைத்து வைத்தால், காலையில் எஞ்சின் எளிதாக இயங்கத் தொடங்கி விரைவிற் சூடேறும்.

இனி, ஸ்காபரோப் பெரியவர் தம் இளமைக்காலத்தைப் பற்றிச் சொன்ன ஒன்று. இலங்கையிலே 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொதித்த எஞ்சின்களிலிருந்து தெர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசிவிட்டு, அது இல்லாமலே வண்டிகளை ஓடவிட்டார்களாம்.

“அந்த நாளிலை நாங்களே கழட்டி எறிஞ்சனாங்கள் தம்பி. எங்கடை ஊருக்கு உது எதுக்கு எண்டு நினைச்சம். பிறகு பாத்தா எண்ணெய் களியாப் போகுது, ரிங்குகள் தேயுது. காரணம் விளங்க எனக்குப் பத்து வரியம் பிடிச்சுது.”

இவ்வழக்கம் இன்றும் இலங்கையில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வெப்பநாட்டுக்குத் தெர்மோஸ்ரற் வேண்டாம் என்பது பலரின் துணிபு. ஆனால் எஞ்சினுக்கு வேண்டிய சூடு தொண்ணூறு பாகையளவு. யாழ்ப்பாணத்து வெயிலோ முப்பதைச் சற்றே கடந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. நுவரெலியாவின் தைமாதக் காலையிலே அத்தூரம் இன்னும் பெரிது. அன்றியும், பல எஞ்சின்களிலே தெர்மோஸ்ரற் திறக்கும்போதே அதன் மறுமுனை எஞ்சினுக்குள் திரும்பும் குறுக்குவழியை மூடுகிறது. அதனை அகற்றிவிட்டால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். ஒரு பகுதி நீர் றேடியேற்றரைக் காணாமலே திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்க எண்ணிக் கழற்றியவர், மலையேற்றத்திலே கொதிப்பையே வரவழைத்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, குளிர் சற்றுத் தணிந்த வேளையில், பெரியவரும் இளைஞருமாக வேலையைத் தொடங்கினார்கள். குளிர்ந்த எஞ்சினிலிருந்து நீர்க்கலவையை ஒரு பாத்திரத்தில் இறக்கினர். அக்கலவையிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் பூனையும் குழந்தையும் விரும்பி நக்கக்கூடியது. பெரியவர் பாத்திரத்தை உடனே மூடி உயரத்தில் வைத்தார். பழைய தெர்மோஸ்ரற்றை வெளியே எடுத்தபோதே காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. குளிர்ந்து கையிற் கிடக்கும்போதே கதவு நகக்கண்ணளவு திறந்திருந்தது. சுருள்வில்லின் ஒரு சுற்று முறிந்திருந்தது.

புதியதையும் அவர் சோதியாமற் பூட்டவில்லை. பழைய தகரப் பேணி ஒன்றிலே நீரூற்றி, நூலிற் கட்டித் தெர்மோஸ்ரற்றைத் தொங்கவிட்டு, அடியிலே படாதபடி வெப்பமானியையும் பிடித்து அடுப்பிலே வைத்தார். சமையற் பாத்திரத்தை இதற்குக் கொடுக்க இளைஞரின் மனைவி மறுத்தது நியாயமே. 82 என்று பொறித்த கதவு, நீர் எண்பதைக் கடந்ததும் மயிரிழையளவு விலகி, தொண்ணூற்றைந்தளவில் முற்றாகத் திறந்தது. நீர் ஆற, மீண்டும் மூடிக்கொண்டது. சிறு துளையும் அதிலே ஆடும் ஊசியும் மேற்புறமாக வரும்படி அதனை அமர்த்திப் புதிய அடைப்பிட்டுப் பூட்டினர். அத்துளை காற்றுக் குமிழ் வெளியேறுவதற்கானது; கீழ்நோக்கி வைத்தால் பயனில்லை. நீரும் கிளைக்கோலும் சரிபாதி கலந்த கலவையை ஊற்றினர். அக்கலவை உறைவதற்கு, பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தேழு பாகையளவு குளிர் வேண்டும். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை சிறிது சிறிதாக நிரப்பி மூடியை இறுக்கினர்.

பெரியவர் மேற்குழாயிலே புறங்கையை வைத்தபடி நின்றார். குழாய் குளிர்ந்தே கிடந்தது. முள் ஏறி நடுவை அண்மியபோதும் அது குளிர்ந்தே கிடந்தது. பின்பு ஒரு கணத்திலே சுட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மறுநாட் காலை வெளியிலே பதினெட்டுப் பாகைக் குளிர். 401ஆம் இலக்கச் சாலையில் ஏறியபோது முள் நடுவைவிட்டு அசையவில்லை. கண்ணாடியின் அடியிலிருந்து தொடங்கிய தெளிவு மேல்நோக்கிப் பரவி, சிறிது நேரத்திலே முழுப் பாதையும் தெரிந்தது. பின்னிருக்கையிலிருந்த குழந்தை தன் கம்பளித் தொப்பியைத் தானே கழற்றிக் கீழே போட்டது.